பாதம் கழுவும் பட்டியலும் பாரிஸ் தத்துவமும்

கேள்வி: தத்துவத்தில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம், பங்கின் பாடகர் குழுவில் இருக்கிறேன். 'சமகாலத் தத்துவமும் கிறிஸ்தவத் திருவழிபாடும்' என்பது தலைப்பு. பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா, இத்தாலியத் தத்துவவாதி அகம்பென் இருவரில் ஒருவரை எடுத்துத் திருப்பலிக்குப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார் என் நெறியாளர். மாதக்கணக்கில் படித்தும் ஒரு பக்கம்கூட எழுத வரவில்லை. பங்குத்தந்தையோ, வழிபாட்டை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தால் பிறகு செபிக்க வராது என்று எச்சரிக்கிறார். பிரெஞ்சும் இலத்தீனும் தெரியாமல் இந்த ஆய்வைச் செய்ய முடியுமா? இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று எங்கள் ஊரில் குரு பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் பட்டியல் போடுவதிலேயே ஆண்டுதோறும் தெருவுக்குத் தெரு தகராறு. இங்கே உட்கார்ந்துகொண்டு தெரிதாவைப் பற்றி எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

வேடிக்கை என்று நீங்கள் ஒதுக்கிவைத்த அந்தத் தகராறில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது. எழுத வராததற்கு உங்கள் படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். தொடங்கச் சொன்ன இடம் சரியில்லை.

ஒரு தத்துவவாதியை எடு, ஒரு சடங்கை எடு, இரண்டையும் பொருத்திப் பார் என்பது நம் பல்கலைக்கழகங்களில் ஊறிப்போன பழக்கம். முதல் மூன்று இயல்களில் தத்துவவாதியின் வாழ்வும் நூல்களும் கலைச்சொற்களும் வரும். நான்காவதில் திருப்பலி தலைகாட்டும். ஐந்தாவதில் 'பொருந்துகிறது' என்று முடிவுரை எழுதுவார்கள். பொருந்தவில்லை என்று முடிந்த ஆய்வேட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. பொருத்தம் பார்ப்பதில் நாம் பரம்பரையாகவே கெட்டிக்காரர்கள்.

என் யோசனை வேறு. சடங்கில் எங்கே தகராறு வருகிறதோ அங்கே போய் நில்லுங்கள். முறைப்படி நடந்து முடிந்த திருப்பலி தன்னைப் பற்றி வாய் திறக்காது. எங்கேயோ இடறி, யாரோ புகார் கொடுத்து, யாரோ 'இது செல்லாது' என்று சொன்ன பிறகுதான் அதற்குள் என்னென்ன விதிகள் ஓடிக்கொண்டிருந்தன என்பது வெளியே வரும். எந்தத் தத்துவவாதிக்குச் சரக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதும் அங்கேதான் தெரியும்.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2020 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஒரு கேள்விக்குப் பதில் வெளியிட்டது. திருமுழுக்கில் 'நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்' என்று சொல்லாமல் 'நாங்கள் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறோம்' என்று சொன்னால் அது செல்லுமா என்பது கேள்வி. செல்லாது என்பது பதில். அமெரிக்காவின் டெட்ராய்ட் உயர்மறைமாவட்டத்தில் ஓர் இளம் குருவுக்கு இது இடியாக இறங்கியது. அவருடைய குழந்தைப் பருவத் திருமுழுக்கு குடும்ப வீடியோவில் இருந்தது. அதில் தியாக்கோன், அதாவது குருவுக்கு அடுத்த நிலையிலுள்ள திருப்பணியாளர், 'நாங்கள்' என்றுதான் சொல்கிறார். திருமுழுக்கு இல்லையென்றால் உறுதிபூசுதல் இல்லை, குருப்பட்டமும் இல்லை. அப்படியானால் அவர் நிறைவேற்றிய திருப்பலிகள்? அவர் வழங்கிய பாவமன்னிப்பு? அதே மாதத்தில் அவருக்குத் திருமுழுக்கிலிருந்து குருத்துவம் வரை எல்லாம் முதலிலிருந்து வழங்கப்பட்டன.

இந்த நிகழ்வைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலேய மொழித் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டினைப் படியுங்கள். ஹார்வர்டில் 1955-இல் ஆற்றிய உரைகளில் அவர் எடுத்துக்கொண்டது, சொல்லும்போதே செயலாகிவிடும் சொற்களை: திருமண உறுதிமொழி, கப்பலுக்குப் பெயரிடுதல், பந்தயம் கட்டுதல். அந்தச் சொற்கள் எப்படியெல்லாம் பிசகும் என்று அவர் போடும் கணக்குதான் அந்த உரைகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிறகு தெரிதாவிடம் வாருங்கள். 1971-இல் மான்ட்ரியாலில் ஆற்றிய உரையில் அவர் ஆஸ்டினை மடக்குகிறார். ஒரு சொல் செயலாவது பேசுபவரின் மனத்தில் உள்ள எண்ணத்தால் அல்ல. அது ஏற்கெனவே பலமுறை சொல்லப்பட்டது, இனியும் சொல்லப்படக்கூடியது என்பதால்தான் என்கிறார். வத்திக்கானின் பதிலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தியாக்கோன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். பெற்றோரையும் சபையையும் சேர்த்துக்கொள்ள விரும்பியிருக்கலாம். அது கணக்கில் வராது என்கிறது பேராயம். அந்தச் சொற்கள் அவருடையவை அல்ல. அவர் குரலைக் கொடுக்கிறார், திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்து. வழிபாட்டில் எவரும், குருவேயானாலும், தாமாக எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே எழுதிவைத்திருக்கிறது.

இதுவரை தெரிதாவும் பேராயமும் கிட்டத்தட்ட ஒரே பாதையில் வருகிறார்கள். பிறகு பிரிகிறார்கள். திரும்பச் சொல்லப்படும் எந்தச் சொல்லும் தடம் மாறிப்போகலாம், அந்த வாய்ப்பை எந்தச் சட்டமும் அடைத்துவிட முடியாது என்பது தெரிதாவின் நிலை. அடைத்தே தீர வேண்டும் என்பது திருச்சபையின் நிலை. திருச்சபை செய்வதையே செய்யும் கருத்தும் வேண்டும் என்று அது கூடுதலாகக் கேட்கிறது. இந்தப் பிரிவில் நின்றுகொண்டு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: அந்த 'நாங்கள்' எங்கிருந்து வந்தது? பார்வையாளராக உட்கார்ந்திருந்த மக்களைப் பங்கேற்கச் சொன்ன அதே சங்கத்துக்குப் பிறகுதானே அப்படி ஒரு சொல் யாருக்காவது தோன்றியிருக்கும்? பங்கேற்பு எதுவரை, அதன் எல்லையை வகுப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு ஆஸ்டினிடம் அரைப் பதில்தான் உண்டு; அவர் 'உரிய நபர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். உரிய நபரை உரியவராக்கியது எது என்று கேட்கும்போதுதான் விமர்சனக் கோட்பாட்டுக்கு வேலை வருகிறது.

உங்கள் பங்குத்தந்தையின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். வாழ்நாள் முழுவதும் திருவழிபாட்டு மறுமலர்ச்சிக்கு உழைத்த ரொமானோ குவார்தினி 1964-இல், சங்கம் நடந்துகொண்டிருந்தபோதே, ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூடிய வழிபாட்டு மாநாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இக்கால மனிதரால் வழிபாட்டுச் செயல் ஒன்றைச் செய்ய முடிகிறதா என்பதே அதில் அவர் எழுப்பிய ஐயம். அதற்காக அவர் செபத்தை விட்டுவிடவில்லை. உங்கள் பங்குத்தந்தைக்கு ஆர்வமிருந்தால் ழான்-ஈவ் லகோஸ்த் எழுதியதைப் படிக்கக் கொடுங்கள். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரை உள்ளும் புறமும் அறிந்த பிரெஞ்சுக் குரு அவர். 1994-இல் வந்த அவருடைய நூல், கடவுள் முன் நிற்பவர் எதையும் உணராமல் நிற்கும் நேரத்தைத்தான் வழிபாட்டின் மையமாக எடுத்துக்கொள்கிறது. 'செபிக்க வரவில்லை' என்பதற்கே ஒரு தத்துவம் எழுதியவர். ஆனால் அவருடைய வழிபாட்டாளர் பெரும்பாலும் இரவில் தனியாக விழித்திருப்பவர். பக்கத்தில் இருமும் ஆளோ, சுருதி தப்பும் பாடகர் குழுவோ அங்கே இல்லை. உங்கள் ஆய்வுக்கு அது போதாது.

ஆங்கிலேய இறையியலாளர் கேத்தரின் பிக்ஸ்டாக்கையும் யாராவது உங்களிடம் பரிந்துரைப்பார்கள். 1998-இல் வந்த அவருடைய நூல், தெரிதாவை அவருடைய களத்திலேயே எதிர்த்தது. இடைக்கால உரோமைத் திருப்பலியில் குரு பீடத்தை நெருங்குவார், தகுதியில்லை என்று மன்றாடுவார், மறுபடி தொடங்குவார், மறுபடி மன்றாடுவார். இந்தத் திக்கலும் திரும்பக் கூறலும்தான் அதன் உயிர், சங்கத்துக்குப் பின் வந்த சீர்திருத்தக்காரர்கள் அதை வீண் ஒட்டு என்று நினைத்து வெட்டிவிட்டார்கள் என்கிறார். அழகான வாதம். படிக்கும்போது எனக்கும் மனம் இளகும். ஆனால் அந்தத் திக்கலைப் பின்வரிசையில் நின்ற குடியானவர் கேட்டாரா, அவருக்கு அது காதில் விழும் தூரமா என்ற கேள்விக்கு அந்த நூல் இறங்கி வருவதில்லை. பூசைப் புத்தகத்தில் கறுப்பெழுத்தில் இருப்பது சொல்ல வேண்டியது, சிவப்பெழுத்தில் இருப்பது செய்ய வேண்டியது என்று உங்களுக்குத் தெரியும். தத்துவவாதிகள் பெரும்பாலும் கறுப்பெழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். நல்லவர்கள் சிவப்பு வரை வருவார்கள். இரண்டிலும் இல்லாதது என்று ஒன்று உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே அதற்குச் சாட்சி நிற்கிறது.

வடக்கன்குளம் ஆலயத்தைச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கட்டிய கோவிலுக்கு ஒரே பீடம். பீடத்திலிருந்து கால்சட்டையின் இரு கால்கள்போல இரண்டு நடுக்கூடங்கள் பிரியும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். இடையில் சுவர். 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறியது. கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தச் சுவர் நின்ற காலத்தில் இரு பக்கமும் கேட்டது ஒரே இலத்தீன் திருப்பலி. கறுப்பெழுத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சிவப்பெழுத்திலும் சுவரைப் பற்றி ஒன்றும் இல்லை. ஞாயிறுதோறும் ஒரு குழந்தை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு எந்த வாசலில் நுழைகிறதோ அதிலிருந்தே தான் யார் என்று கற்றுக்கொண்டது. அதற்கு மறையுரை தேவைப்படவில்லை. சடங்குகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கேத்தரின் பெல் 1992-இல் எழுதிய நூலின் சாரம் இதுதான். சடங்கு ஏற்கெனவே இருக்கும் ஒரு கருத்தை எடுத்துச் சொல்லும் கருவி அல்ல. முழந்தாளிடுதல் பணிவைப் பற்றிய செய்தி அல்ல, பணிந்த உடலை அதுவே உண்டாக்குகிறது என்கிறார். பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் பூர்தியூவிடமும் ஃபூக்கோவிடமும் கற்றதைச் சடங்கின் பக்கம் திருப்பியவர் அவர். வடக்கன்குளத்தை அவர் எழுதவில்லை. நீங்கள் எழுதலாம். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாரும் இதில் தப்பவில்லை. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்ப நேர்ந்ததே அதற்குச் சான்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பெல்லைப் படித்த கையோடு எல்லாச் சடங்கும் அதிகாரத்தின் வேலை என்று முடித்துவிடும் சோம்பல் வரும். அப்படித் தோன்றும்போது சிலியைப் பாருங்கள். இராணுவ சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் ஆட்கள் காணாமல் போனார்கள், உடல்கள் கிடைக்கவில்லை, பிடித்துச் சென்றவர்கள் கையெழுத்திட்ட தாள் எதுவும் இல்லை. அமெரிக்க இறையியலாளர் வில்லியம் கவனா 1998-இல் இதை ஆராய்ந்தார். சித்திரவதை என்பது ஆட்களைத் தனித்தனியாக உடைத்து, ஒருவரோடொருவர் சேர முடியாதபடி செய்யும் ஒரு தலைகீழ் வழிபாடு. திருப்பலியில் அப்பத்தைப் பகிரும் நற்கருணையோ சிதறியவர்களைக் கண்ணுக்குத் தெரியும் ஓர் உடலாக்குகிறது என்பது அவர் வாதம். 1980-இல் சில ஆயர்கள் சித்திரவதை செய்வோரைத் திருச்சபை உறவிலிருந்து விலக்கி ஆணையிட்டார்கள். 1983 முதல் குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் சித்திரவதைக் கூடங்களின் முன் திடீரென்று கூடி, 'இங்கே சித்திரவதை நடக்கிறது' என்ற பதாகையை விரித்து, பாடிவிட்டுக் கலைந்தார்கள். தன் பிள்ளைகளை இரகசியப் போலீஸ் கொண்டுபோனதால் கொன்செப்சியோன் பேராலயத்தின் முன் தீக்குளித்த செபாஸ்தியான் அசெவேதோவின் பெயரைத் தங்கள் இயக்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நினைவுகூர்தல் ஆபத்தானது என்று ஜெர்மன் இறையியலாளர் யோகான் பாப்டிஸ்ட் மெட்ஸ், தத்துவவாதி வால்டர் பெஞ்சமினிடமிருந்து கற்றுச் சொன்னதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதே சமயம், பினோசேயும் தம்மைக் கத்தோலிக்கர் என்றே சொல்லிக்கொண்டார் என்பதைக் கவனா இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

பன்னிரண்டு என்ற எண்ணுக்காகத்தானே தெருக்கள் மோதுகின்றன? பங்குகளில் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குள் பாதம் கழுவுதல் வந்தது 1955-இல், பன்னிரண்டாம் பத்திநாதரின் சீர்திருத்தத்தால். அப்போது பன்னிரண்டு ஆண்கள் என்று இருந்தது. 1970-இன் திருப்பலிப் புத்தகம் எண்ணை எடுத்துவிட்டது. 'தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள்' என்பது மட்டும் மிஞ்சியது. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையின் இளஞ்சிறார் சிறையில் பெண்களின் பாதங்களையும் கழுவினார். அவர்களில் ஒருவர் இஸ்லாமியர். 2016 ஜனவரியில்தான் ஆணை வந்து 'ஆண்கள்' என்பதும் போனது. செயல் முந்தியது, சிவப்பெழுத்து பின்னால் ஓடிவந்தது. ஆக, புத்தகத்தில் இல்லாத ஓர் எண்ணுக்காக உங்கள் ஊர் ஆண்டுதோறும் சண்டையிடுகிறது. அறியாமை என்று இதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். எண் குறைவாக இருப்பதால்தான் அது பங்கிடத் தகுந்த பொருளாகிறது. இருபது பேர், முப்பது பேர், பெண்கள் உட்பட என்று உங்கள் பங்குத்தந்தை ஓராண்டு அறிவித்தால் தகராறு அடங்குமா, இடம் மாறுமா? முதல் நாற்காலி யாருக்கு என்று அது கிளம்பும் என்பது என் ஊகம். பக்கத்துப் பங்குகளில் கேட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் அகம்பென் உங்களுக்கு உண்மையிலேயே உதவுவார். 2007-இல் வந்த நூலில் அவர் கேட்பது, அதிகாரத்துக்கு ஏன் மகிமை தேவைப்படுகிறது, புகழ்ச்சியும் ஆரவாரமும் இல்லாமல் அது ஏன் நிற்க முடிவதில்லை என்பது. வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் பெரிய வியாழனன்று பன்னிரண்டு ஏழை முதியவர்களின் பாதங்களைக் கழுவுவார். அரண்மனையில், அவையினர் சூழ. குனிந்ததால் அவர் மகிமை குறைந்ததா, கூடியதா? உங்கள் ஊரிலும் குனிபவர் ஒருவர், உட்காருபவர் பன்னிருவர். மகிமை யாருக்குப் போய்ச் சேருகிறது? நாற்காலி கிடைக்காத தெருவுக்கு விடை தெரியும். ஆனால் அகம்பென் துதி என்றாலே காலியான சிம்மாசனத்தை மறைக்கும் திரை என்று போய்விடுவார். அதுவரை அவரோடு போக வேண்டாம்.

அவரைத் தடுத்து நிறுத்தப் பிரெஞ்சு இறையியலாளர் லூயி-மரி ஷோவே வேண்டும். 1987-இல் வந்த அவருடைய பெரிய நூலை மட்டும் வரி விடாமல் படியுங்கள். மற்றவர்களிடம் தேவையான இயல்கள் போதும். அருளை உற்பத்திப் பொருளாகவும் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனத்தை அதன் கருவியாகவும் பேசிய பழைய இறையியலை விட்டுவிட்டு, மானுடவியலாளர் மார்செல் மோஸ் எழுதிய கொடைப் பரிமாற்றத்தின் வழியே அவர் யோசிக்கிறார்: பெற்ற கொடை பிறருக்குத் திருப்பிச் செய்யப்படும்வரை பெறப்பட்டதே ஆகாது. யோவான் நற்செய்தியின் இராவுணவில் அப்பமும் கிண்ணமும் பற்றிய வார்த்தைகள் இல்லை. அந்த இடத்தில் பாதம் கழுவுதல் இருக்கிறது. அந்த முதல் பெரிய வியாழனிலேயே தகராறு வந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். பேதுரு காலைக் காட்ட மறுக்கிறார். உங்கள் ஊரில் காலைக் காட்ட இடம் கேட்டுச் சண்டை. அங்கே காலைக் காட்டமாட்டேன் என்று சண்டை. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இயல் காத்திருக்கிறது.

களத்தில் எதைப் பார்ப்பது? அன்று மாலை பாடகர் குழுவில் பாடாதீர்கள், ஓரமாக உட்காருங்கள். அநேகமாகப் பன்னிருவரும் வீட்டிலேயே கால் கழுவி, சலவை வேட்டி கட்டி வந்திருப்பார்கள். எத்தனை சொட்டுத் தண்ணீர் படுகிறது, ஒரு காலா இரு காலா, குரு முத்தமிடுகிறாரா, ஒரே துண்டா வேறு வேறு துண்டா, அந்தத் தண்ணீரை யார் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். உபதேசியாரிடமும் கோயிலைக் கூட்டிச் சுத்தம் செய்யும் பெண்களிடமும் பேசுங்கள். பட்டியல் தயாராகும் கூட்டத்தில் இடம் கிடைத்தால் அதைவிடப் பெரிய ஆவணம் வேறில்லை. பழைய பட்டியல்கள் பங்கு அலுவலகத்தில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

மொழியைப் பற்றிப் பயம் வேண்டாம். லகோஸ்த், ஷோவே, அகம்பென், தெரிதா எல்லோரும் ஆங்கிலத்தில் கிடைக்கிறார்கள். நீங்கள் மூலபாட ஆராய்ச்சி செய்யப்போவதில்லை. 1955, 1970 சிவப்பெழுத்துக் குறிப்புகளுக்கு மட்டும் இலத்தீன் தெரிந்த ஒரு குருவின் உதவியைக் கேளுங்கள். உங்கள் பங்குத்தந்தையிடமே கேட்டால், அவரும் ஆய்வுக்குள் வந்துவிடுவார்.

நெறியாளரோடு சண்டை வேண்டாம். அகம்பென் மூன்றாம் இயலில் வருகிறார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். தலைப்பை மட்டும் 'பெரிய வியாழன் பாதம் கழுவுதலில் இடமும் உரிமையும்' என்பதுபோல இறக்கி வையுங்கள். எழுதும்போது ஊர்ப் பெயரையும் தெருப் பெயர்களையும் மாற்றிவிடுங்கள். உங்களிடம் மனம் விட்டுப் பேசியவர்கள் அடுத்த ஆண்டும் அதே பட்டியலுக்கு நிற்க வேண்டியவர்கள்.